ஸ்லோ குக்கரும் கலோரி அழியாமைக் கோட்பாடும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

எண்ணெய் ஊற்றாமல், வதக்காமல், அடுப்படியில் நிற்காமல், எட்டு மணி நேரம் தானாகவே வெந்து, உண்டவரை இளைக்க வைக்கும் உணவை ஸ்லோ குக்கர் தரும் என்பது உலகோர் நம்பிக்கை. இந்நம்பிக்கையைக் குறை கூற வழியில்லை. குக்கர் தன் கடமையைச் செய்கிறது. பானைக்குள் கலோரி குறைகிறது. ஆனால் உண்டவர் மட்டும் இளைப்பதில்லை. இச்சிக்கலுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள்: பானைக்குள் குறைக்கப்படும் கலோரி அழிவதில்லை, பானைக்கு வெளியே குடிபெயர்கிறது. அது வெளியேறும் வாயில்கள் இரண்டு. ஒன்று காத்திருப்பு, மற்றொன்று தாளிப்பு.

ஆய்வு எல்லை: சாம்பார் மட்டும் விரிவாக ஆராயப்படுகிறது. கோழி, ராஜ்மா ஆகியவை தேவைப்படும் இடங்களில் சுட்டப்பெறும். தோசையை எட்டு மணி நேரம் வேகவைக்கும் துணிவு இதுவரை எவருக்கும் வராமையால் அது விலக்கப்பட்டது.

முன்னோர் கண்டவை

இக்கருவியின் வரலாறு லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில், யூதர்கள் வாழ்ந்த தெருக்களில் தொடங்குகிறது. வெள்ளி மாலை பொழுது சாய்ந்தது முதல் சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் சனி மதியம் சூடாகச் சாப்பிட வேண்டும். எனவே இறைச்சி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, பார்லி எல்லாம் சேர்த்த சோலண்ட் என்னும் பதார்த்தத்தைப் பானையில் கூட்டி, வெள்ளிக்கிழமை பொழுது இறங்குவதற்குள் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பில் மிஞ்சிய சூட்டிலேயே இரவெல்லாம் வெந்து கிடக்கும். மறுநாள் எடுத்து வருவார்கள்.

இந்தக் கதையைத் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் இர்விங் நாக்சன். 1902-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் பிறந்து, சிகாகோவில் வாழ்ந்த கண்டுபிடிப்பாளர். ரொட்டிக்கடை அடுப்பின் வேலையை ஒரு மின்பானை செய்யட்டும் என்று எண்ணி 1940-இல் காப்புரிமை பெற்றார். ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில் வந்த அப்பானை பெரும்பாலும் பீன்ஸ் வேகவைக்கவே பயன்பட்டது. 1970-இல் கன்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் நாக்சனின் தொழிலை விலைக்கு வாங்கி, மறு ஆண்டே பானையைச் சற்று அலங்கரித்து ‘கிராக்-பாட்’ என்று பெயரிட்டு விற்றது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் போட்டுவிட்டு மாலையில் வந்து பரிமாறலாம் என்ற விளம்பரம் எடுபட்டது.

நம் நாட்டிலும் இதற்கு உறவுமுறை உண்டு. 1910-இல் கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கர், அடியில் கொஞ்சம் கரியும் மேலே அடுக்குப் பாத்திரங்களுமாக, ஆள் இல்லாத வேளையில் சோறும் பருப்பும் ஆக்கிவைத்தது. நம் ஊர்களில் வறட்டித் தணலில் மண்சட்டிப் பால் பொழுதெல்லாம் கிடந்து சிவந்ததும் இவ்வகையே.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, சோலண்ட் உண்டவர் எவரும் இளைக்கும் நோக்கத்துடன் உண்ணவில்லை. இரண்டாவது, அடைத்த ரொட்டிக்கடைக்குள் கிடக்கும் பானையை நள்ளிரவில் போய்த் திறந்து பார்க்க எவராலும் முடியாது. இன்றைய குக்கரோ நம் வீட்டு மேடையிலேயே, கண்ணாடி மூடியுடன், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்டின் தொடக்கம் இதுவே.

கருவியின் இயல்பு

தடித்த பீங்கான் பானை, அதைச் சுற்றி மின்கம்பி ஓடும் உலோகக் கூடு, மேலே மூடி. இழுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 200 முதல் 300 வாட். ‘லோ’, ‘ஹை’ என இரு நிலைகள். லோ என்றால் குறைந்த சூடு என்று பலர் மயங்குவர். பெரும்பாலான குக்கர்களில் இரண்டு நிலையும் கடைசியில் போய்ச் சேர்வது கொதிநிலையை ஒட்டிய ஒரே சூடுதான். ஹை மூன்று நான்கு மணி நேரத்தில் சேரும், லோ ஏழெட்டு மணி நேரத்தில் சேரும். தட்கலில் போட்டாலும் சாதாரணத்தில் போட்டாலும் கைக்கு வருவது ஒரே பாஸ்போர்ட்தான் என்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

இக்கருவிக்கு மூன்று குணங்கள் உண்டு. ஒன்று, அடிப்பிடிக்காது, ஆகவே எண்ணெய் கேட்காது. இரண்டு, ஆவி மூடியில் பட்டு மீண்டும் பானைக்குள்ளேயே விழும். ஆகவே ஊற்றிய நீர் வற்றாது. வெண்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர். வழக்கமான அளவு நீரும் ஊற்றிப் பூசணியும் போட்டால் சாம்பாராகத் தொடங்கியது ரசமாக முடியும். மூன்று, பானைக்குள் சூடு நூறு பாகையைத் தாண்டாது. வதங்கிய வெங்காயத்துக்கும் வறுத்த கறிக்கும் உரிய அந்தச் சிவப்பும் மணமும் ஏறத்தாழ நூற்று நாற்பது பாகைக்கு மேல்தான் நன்கு பிறக்கும். ஆகவே ஸ்லோ குக்கர் சாம்பார் குழைவாக இருக்கும், கலோரி குறைவாக இருக்கும், ஆனால் தெருமுனையில் வரும்போதே மூக்கைத் துளைக்காது. இதனை ‘மணப் பற்றாக்குறை’ என்க. பின்னர் நிகழும் பெருங்கேட்டுக்கு இதுவே வித்து.

களமும் முறையும்

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தகவலாளிகள் நால்வர்: குடும்பத் தலைவர் (அ), தலைவி (ஆ), பள்ளி செல்லும் மகன் (இ), கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் தலைவியின் தாயார் (ஈ). பெயர்கள் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டன. ஆய்வாளர் அவ்வீட்டின் விருந்தினர் ஆதலின், பங்கேற்பு உற்றுநோக்கல் முறை கையாளப்பட்டது. எந்தெந்தப் பண்டத்தில் பங்கேற்றார் என்பது ஆய்வுக்குத் தேவையற்றது.

மூடித் தேற்றம்

சமையலின் நடுவே மூடியை ஒருமுறை திறந்தால், போன சூடு திரும்ப 15 முதல் 30 நிமிடம் வரை பிடிக்கும் என்று சமையல் கையேடுகள் எச்சரிக்கும். குறைந்த அளவான 15 நிமிடத்தையே கொள்வோம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மணிக்கு ஒருமுறை திறந்தால், ஒரு மணி நேரத்தில் இழக்கும் நேரம் ஒரு மணி. எனவே அவ்வீட்டில் சாம்பார் என்றுமே வேகாது.

நடைமுறையில் அது வெந்துவிடுவதற்குக் காரணம், தகவலாளி இ தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பதே.

எட்டு மணியும் எட்டு மெய்ப்பாடும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். ஸ்லோ குக்கரின் லோ நிலையும் எட்டு மணி. இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று என்பதைக் களத் தரவு காட்டும்.

முதல் மணி, பெருமிதம். ஆ பூசணியை நறுக்கிப் போட்டு, பருப்பைக் கழுவிக் கொட்டி, மூடிவைத்து, படம் பிடித்துத் தோழியர் குழுவுக்கு ‘நோ ஆயில்’ என்ற குறிப்புடன் அனுப்பினார். இரண்டாம் மணி, மருட்கை. பானையில் எந்த அசைவும் இல்லை. அதையே அனைவரும் வியந்து பார்த்தனர். மூன்றாம் மணி, அச்சம். ப்ளக் சரியாகச் சொருகப்பட்டுள்ளதா என அ குனிந்து பார்த்தார். சரியாகவே இருந்தது. முதல் மூடித் திறப்பு அப்போது நிகழ்ந்தது.

நான்காம் மணி, இளிவரல். ஈ பானையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது அப்படியே தரப்படுகிறது:

“என்ன மாப்பிள்ளை, இன்னும் பூசணிக்காய் முழிச்சிக்கிட்டு நிக்குது? நான் கேஸ்ல வச்சு ஒரு வதக்கு வதக்கிடட்டுங்களா?”

“வேண்டாம் அத்தை. இது டயட் சாம்பார்.”

“டயட்டுன்னா வேகக் கூடாதுங்களா?”

ஐந்தாம் மணி, அழுகை. பள்ளி விட்டு வந்த இ, “அம்மாச்சி, பசிக்குது” என்றான். பாட்டிமாரின் காதில் இச்சொல் விழுந்தபின் உலகில் எந்தக் குக்கரும் நிலைத்து நின்றதில்லை. பெட்டியின் அடியில், புடவைக்குள் சுற்றி, பிளாஸ்டிக் கவருக்குள் கவர் போட்டு, வாய் முழுக்க டேப் ஒட்டி, கும்பகோணத்திலிருந்து கடல் கடந்து வந்த மிக்சர் பொட்டலம் வெளிப்பட்டது. டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார் ஈ. பிள்ளைக்கென்று திறந்த பொட்டலத்தைப் பிள்ளை மட்டும் உண்டதாக வரலாறு இல்லை.

ஆறாம் மணி, வெகுளி. மூடியைத் திறந்தவர் யார் என்பது பற்றி அ, ஆ இருவரிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. கையில் மிக்சருடன் வாதிட்டமையால் குரல் ஓங்கவில்லை. ஏழாம் மணி, நகை. வயிறு பாதி நிரம்பியவர்க்கே உரிய சிரிப்பு. எட்டாம் மணி, உவகை. குக்கர் தானே ‘வார்ம்’ நிலைக்கு மாறியது. அப்போது யாருக்கும் பசி இல்லை. ஆயினும், “எட்டு மணி நேரம் வெந்திருக்கு, சாப்பிடாம விடலாமா?” என்று ஆ கேட்ட கேள்விக்கு விடை இல்லாமையால் அனைவரும் தட்டு எடுத்தனர்.

கணக்கு வருமாறு: 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 340 கலோரி. பூசணி, தக்காளி, வெங்காயம், புளி எல்லாம் சேர்ந்து மேலும் 140 என்று கொள்ளலாம். ஆக 480, நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 120. மிக்சரோ நூறு கிராமுக்கு ஐந்நூறைத் தாண்டும். பேச்சுவாக்கில் உள்ளே போன 50 கிராம் மிக்சர் 250. எனவே சாம்பாருக்காகக் காத்திருந்த செலவு இரண்டு சாம்பார்.

பருப்பு–நெய் சமன்பாடு

ஆய்வின் உச்சம் பரிமாறுவதற்குச் சற்று முன் நிகழ்ந்தது. ஈ மூடியைத் திறந்து, குனிந்து, மூச்சை இழுத்து, நிமிர்ந்தார். “வாசனையே இல்லாத குழம்பை எப்படிப் பிள்ளைக்கு ஊத்துறது?” என்றார். மேலே கூறிய மணப் பற்றாக்குறையைக் கருவி எதுவும் இன்றி மூக்கால் மட்டுமே கண்டறிந்த இப்புலமை பாராட்டத்தக்கது.

தாளிப்புக் கரண்டி அடுப்பேறியது. அகன்ற கரண்டி. அதன் அடி நனைந்தால்தான் கடுகு மூழ்கிப் பொரியும். நனைய மூன்று மேசைக்கரண்டி நெய் சென்றது. கடுகு வெடித்தது, வெந்தயம் சிவந்தது, மிளகாய் கருத்தது, பெருங்காயம் மணந்தது, கறிவேப்பிலை படபடத்தது. சொய்ங் என்ற ஓசையுடன் அனைத்தும் பானைக்குள் இறங்கின. தகவலாளி இ தன் அறையிலிருந்து தானாகவே வந்தான்.

ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 115 கலோரி. மூன்றில் 345. இது 100 கிராம் துவரம்பருப்பின் கலோரிக்குச் சற்றேறக்குறையச் சமம். அதாவது எட்டு மணி நேரம் வெந்த பருப்பையும் அரை நிமிடத்தில் சொய்ங்கிய நெய்யையும் தராசில் வைத்தால் முள் நடுவில் நிற்கும். அன்று பொரிந்த அப்பளங்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மேசைக்கு வந்தவுடன் நொறுங்கிவிட்டமையால் எண்ண இயலவில்லை.

தடையும் விடையும்

‘அவ்வாறாயின் இக்குக்கரால் பயன் இல்லை போலும்’ எனின், அற்றன்று. குக்கர் குற்றமற்றது. குற்றம் குக்கரைச் சுற்றி நிற்போரிடத்தது. அதனைக் களையும் வழிகள் வருமாறு:

தாளிப்பைக் கைவிடுதல் தமிழர்க்கு ஆகாது. கரண்டியை மாற்றுதல் ஆகும். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணத்தைச் சுமக்கக் கொஞ்சம் கொழுப்பே போதும். குறுகிய, குழிந்த கரண்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கடுகு மூழ்கும். செலவு 40 கலோரி. மூன்று மேசைக்கரண்டி நெய்யின் வேலையை அது முக்கால்வாசி செய்துவிடும். மீதிக் கால்வாசி பாட்டியின் மனநிறைவு. அதற்கு வேறு வழி காண்க.

நீரை வழக்கத்தில் பாதிக்குச் சற்று மேலாகக் குறைக்க. புளியைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் புளிப்பு பருப்பை மசிய விடாது. பருப்பு வெந்தபின் ஊற்றுக. கீரையைக் கடைசி அரை மணியில் போடுக. கோழி என்றால் தோலை உரித்துப் போடுக. தோலோடு போட்டால் அதன் கொழுப்பு வெளியேற இடமின்றிக் குழம்பில் மிதக்கும். தொடைக்கறி போன்ற கெட்டியான துண்டுகளே இக்கருவிக்கு ஏற்றவை. அவற்றின் நார்ப்பசை நெடுநேரச் சூட்டில் கரைந்து, எண்ணெய் இல்லாமலே குழம்புக்குக் கொழகொழப்பு தரும். குக்கரின் உண்மையான பெருமை இதுவே.

ஒன்றில் மட்டும் விளையாட்டு ஆகாது. ராஜ்மாவை ஊறவைத்த கையோடு ஸ்லோ குக்கரில் இடற்க. அதிலுள்ள நச்சுப் புரதம் தளதளவெனக் கொதித்தால்தான் அழியும். அரைகுறைச் சூட்டில் பச்சையைவிட மிகுந்த கேடு செய்யக்கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அடுப்பிலேயே பத்து நிமிடமேனும் நன்கு கொதிக்கவிட்டு, அதன்பின் குக்கருக்கு மாற்றுக.

காத்திருப்பின் கேட்டுக்கு மருந்து, குக்கரை இரவு படுக்கப்போகும்போது தொடங்குதல். எட்டு மெய்ப்பாடும் உறக்கத்தில் கழியும். உறங்குபவர் மூடியைத் திறப்பதில்லை, மிக்சரும் உண்பதில்லை. இதனை ஆ ஏற்றார், அ ஏற்றார். ஈ மட்டும், “ராத்திரி பூரா கரண்ட்ல வச்சிட்டு எப்படித் தூங்குறது?” என்று கேட்டுவிட்டு, அதைக் காவல் காக்க ஒரு நாற்காலியையும் மீதி மிக்சரையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

மேலாய்வுக்குரிய தலைப்புகள்

இக்கோட்பாடு பிற துறைகளுக்கும் விரிக்கத்தக்கது. ‘ஏர் ஃப்ரையர் வடையும் இன்னும் இரண்டு வை என்னும் மனநிலையும்’, ‘சர்க்கரை இல்லாத காபிக்குத் துணைநிற்கும் பிஸ்கட்டுகள்’, ‘நடைப்பயிற்சிப் பாதைகள் பஜ்ஜிக் கடைகளில் முடிவதன் புவியியல்’ ஆகியன உடனடியாக ஆராயப்பட வேண்டும். கடைசித் தலைப்புக்கான களப்பணியை ஏற்க இவ்வாய்வாளர் ஆயத்தமாக உள்ளார். எண்ணெய் காயும் நேரமாக, மாலை நான்கு மணிக்கு மேல் இருப்பின் நலம்.