கோடரிக்குத் தோட்டா, கண்டெய்னருக்குச் சீல்

செம்மரத்தைக் காப்பாற்ற இந்த நாட்டில் எத்தனை அலுவலகங்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மரம் நிற்கும் காட்டுக்கு வனத்துறை. வெட்டுகிறவனைப் பிடிக்க ஆந்திராவில் தனி அதிரடிப்படை. சாலைக்குப் போலீஸ். ஏற்றுமதித் தடையை எழுத வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம். அதைத் துறைமுகத்தில் அமல்படுத்தச் சுங்கத்துறை. சுங்கத்துறையின் கண்ணில் படாததைத் துரத்த டிஆர்ஐ என்கிற வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம். எல்லாரையும் ஒருங்கிணைக்க வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம். பன்னாட்டு அனுமதிச் சீட்டுக்கு டெல்லியில் ஒரு மேலாண்மை அதிகாரி. அவருக்கு அறிவுரை சொல்ல அறிவியல் நிறுவனங்கள். ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் ஒரு மரத்தைச் சுற்றி இத்தனை நாற்காலிகள். மரம் மட்டும் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த நாற்காலிகளில் சில ஓர் ஒப்பந்தத்தின் பெயரால் போடப்பட்டவை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976-ல் சேர்ந்தது. செம்மரம் 1995-ல் அதன் இரண்டாம் பட்டியலில் ஏறியது. சரி, அந்த ஒப்பந்தத்தை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முறையாக எழுதிச் சேர்த்தது எப்போது? 2022 திருத்தத்தில். 46 வருடம். ஒரு செம்மரக் கன்று அதற்குள் வளர்ந்து, வைரம் பாய்ந்து, வெட்டுப்பட்டு, கப்பலும் ஏறியிருக்கும். கடத்தல்காரன் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவனுக்கு வேலை இருந்தது.

அவன் வேலை செய்யும் அழகைப் பாருங்கள். ஓடு என்றோ கிரானைட் என்றோ சொல்லிக் கண்டெய்னரில் சரக்கு ஏறும். காகிதம் சுத்தமாக இருக்கும். சீல் வைக்கப்படும். துறைமுகத்துக்குப் போகும் வழியில் லாரி ஒரு குடோனுக்குள் நுழையும். சீல் நோகாமல் கழன்றுகொள்ளும். ஓடு இறங்கும், செம்மரம் ஏறும், கதவு மறுபடி பூட்டிக்கொள்ளும். அரசு முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். ரொம்ப நேர்மையான முத்திரை.

குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் டிஆர்ஐ ஒரு கண்டெய்னரை மடக்கியது. ஷார்ஜாவுக்குப் போகவேண்டியது. ஏட்டின்படி உள்ளே இருந்தது குளியலறைச் சாமான்கள். திறந்தால் சோப்பு இல்லை, சீப்பு இல்லை. 11.7 டன் செம்மரக் கட்டை. பிடித்தவர்களுக்குக் கைதட்டுவோம். தட்டி முடித்ததும் கேட்போம். பெரும்பாலும் ஆந்திரக் காட்டில் இயற்கையாக வளரும் மரம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டிக் கட்ச் வளைகுடாவுக்கு எப்படி வந்தது? வழியில் எத்தனை சோதனைச் சாவடி? எத்தனை மாநில எல்லை? 11.7 டன் என்பது இடுப்பில் செருகிக்கொண்டு போகிற சாமானா?

இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்புப் போதவில்லை." உடனே ஒரு கூட்டம். குளிரூட்டிய அறை, முந்திரி, பவர்பாயிண்ட். வனத்துறை சொல்லும்: துறைமுகம் எங்கள் எல்லை இல்லை. சுங்கத்துறை சொல்லும்: காடு எங்கள் எல்லை இல்லை. போலீஸ் சொல்லும்: சீல் வைத்த கண்டெய்னரை நாங்கள் திறக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள்: தகவல் பரிமாற்றத்தை வலுப்படுத்துவோம். தேநீரோடு கூட்டம் கலையும்.

ஒருங்கிணைப்பே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். ஒருநாள் இருந்தது. 2015 ஏப்ரல் 7.

அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தமிழர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமத்துக் கூலிகள். அதிரடிப்படையில் போலீசும் வனத்துறையும் தோளோடு தோள் நின்றன. எல்லைத் தகராறு இல்லை. அதிகாரக் குழப்பம் இல்லை. கோப்பு சுற்றுக்குப் போகவில்லை. கல்லும் கோடரியும் கொண்டு தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வேறு கதை சொன்னார்கள். கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள். அவர்களில் ஒருவர் பிழைத்ததற்குக் காரணம், பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். பன்னாட்டு வணிக விதியை அமல்படுத்தும் முறை இது. எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாய் என்பதைப் பொறுத்து உயிர்.

உடல்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய பெயிண்ட் அடையாளம் இருந்ததாக அன்றைக்கே செய்தி வந்தது. அப்படியானால் அன்று காலையில் வெட்டிய மரத்தில் பெயிண்ட் அடித்தது யார்? கடத்தல்காரனா, பிடிபட்ட மரத்தை அடுக்கிவைக்கும் அரசுக் குடோனின் காவலனா? கேள்வி அங்கேயே கிடக்கிறது. கட்டை மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது.

அதே வருடம் ஒரு கைதும் நடந்தது. கடத்தலின் பெரிய புள்ளி ஒருவர் மொரீஷியஸில் பிடிபட்டார். இன்டர்போல், வெளியுறவுத் துறை, நீதிமன்றம் என்று எல்லாப் படியும் ஏறி, முறைப்படி விமானத்தில் அழைத்துவரப்பட்டார். அப்படித்தான் செய்ய வேண்டும். சட்டம் தெரிந்த நாடு இது. தெரிந்தே ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கிறது. முதலாளிக்கு விமான டிக்கெட். கூலிக்குப் பஸ் டிக்கெட், அதுவும் பாதி வழி வரைக்கும்.

பிடிபட்ட மரம் வீணாவதில்லை, கவலை வேண்டாம். ஆந்திர அரசு அதை டன் கணக்கில் அடுக்கி உலகச் சந்தைக்கு ஏலம் விடுகிறது. ஏற்றுமதிக்குத் தடை போட்ட மத்திய அரசே அதற்கு விலக்கும் தருகிறது. வாங்குகிறவன் கையில் அனுமதிச் சீட்டு இருக்கும். மரம் ஒன்றுதான், போகிற திசையும் ஒன்றுதான். காகிதம் இருந்தால் அந்நியச் செலாவணி, இல்லாவிட்டால் தேசத்துரோகம். செம்மரக் கடத்தல்காரனாக நடித்தவருக்கு 2023-ல் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அறிவித்தாயிற்று. நடிப்புக்குத்தான், குறை சொல்லவில்லை. இந்த மரத்தால் கருவூலத்துக்குக் காசு, சினிமாவுக்கு வசூல், அதிகாரிக்குப் பதவி உயர்வு. வெட்டப் போனவன் குடும்பத்துக்குத் தமிழக அரசு தலைக்கு 3 லட்சம் ரூபாய் தந்தது. சந்தையில் ஒரு டன் செம்மரத்தின் விலையை அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அந்தக் கூலிகள் பலரின் சொந்த மண்ணான ஜவ்வாது மலையில் வேலை இருந்தால் ஒருவன் ஏன் ஆந்திரக் காட்டுக்குப் போகிறான் என்ற கேள்வியை எந்தத் துறையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒப்பந்தமும் இல்லை, பட்டியலும் இல்லை.

எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. வெட்டப் போனவர்களின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் அரசிடம் இருக்கிறது. அதேபோல் இன்னொரு பட்டியலையும் வெளியிடுங்கள். சரக்கை அனுப்பிய ஏற்றுமதியாளர், காகிதம் எழுதிய சுங்க முகவர், லாரி நுழைந்த குடோனின் சொந்தக்காரர், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி. இவர்களில் எத்தனை பேர் மேல் வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை, துறைமுக வாரியாகச் சொல்லுங்கள். கால் பக்கத்தில் முடிந்துவிடும் என்று பயமாக இருந்தால், அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். முந்திரி வருவதற்கு முன்னால்.