வீட்டு பீருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டிலேயே பீர் போட ஆசைப்படும் கொடைரோட்டுக்காரர் முதலில் கிட் வாங்க வேண்டும். வெளிநாடுகளில் 1.7 கிலோ மால்ட் பாகு டப்பாவில் விற்கிறார்கள். மூடிக்கடியில் ஈஸ்ட் பொட்டலம். பாகைச் சுடுநீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிடலாம். புதியவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: டப்பாவின் காலாவதித் தேதி, பாத்திரத்தின் சுத்தம். நம்மூரில் மூன்றாவதும் உண்டு: 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்.

அடுத்து வெப்பம். ஈஸ்ட்டுக்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகம். சித்திரை வெயிலில் கொடைரோடு இருக்கும் அம்மையநாயக்கனூர் அதற்குத் தோதுப்படாது. ஈஸ்ட்டும் நம்மைப் போல கொடைக்கானல் பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும்.

பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டாம். அமெரிக்காவில் 1978-இல் ஜனாதிபதி கார்ட்டரே கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். தமிழக அரசுக்கோ மக்கள்மேல் கரிசனம் அதிகம். மதுவிலக்குச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் வழியே தானே சுமக்கிறது. குடிமகன் சிரமப்படக் கூடாதாம்.

சாலையோரம் பன்னீர் திராட்சை கூடைகூடையாக அழைக்கும். சாறு குடிக்கலாம், ஒயினாக்கினால் வழக்கு. சட்டம் அனுமதிக்கும் ஒரே புளிப்பு இட்லி மாவுதான். கிட் வேண்டாம், வெயில் ஏற ஏற வேலை சீக்கிரம் முடியும். நண்பர்கள் மட்டும் அதற்காக ராத்திரி கதவைத் தட்ட மாட்டார்கள். வீட்டம்மாவுக்கு அதில் வருத்தம் இருக்காது.