மஞ்சள் தையல் இலக்கணம்

விளிம்பில் நடந்து மேடை ஏறும்
பூட்ஸின் விகாரம் மூன்றென மொழிப.

என்பது என்னையோ எனின், கலகக்காரர் காலில் கிடந்த பூட்ஸ் கனவான்கள் காலுக்கு வரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களையும் அடையும் என்றவாறு. 'மொழிப' என்றது யாரை எனின், இவ்வுரைகாரரை. வேறு எவரும் மொழிந்திலர். எடுத்துக்காட்டு, டாக்டர் மார்ட்டென்ஸ். அதன் இலக்கணம்: லேஸ் கோக்க எட்டுக் கண், கனத்த தோல், சோலின் விளிம்பைச் சுற்றி மஞ்சள் நூல் தையல், இழுத்து மாட்டப் பின்புறம் ஒரு கறுப்புப் பட்டை, உள்ளே காற்றறைகள் கொண்ட சோல்.

தோன்றல்: 1945இல் கிளாஸ் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மன் ராணுவ மருத்துவருக்குப் பனிச்சறுக்கில் கணுக்காலில் அடிபட்டது. ராணுவ பூட்ஸ் அந்தக் காலுக்கு ஒத்துவரவில்லை. மெத்தென்ற சோல் ஒன்றைத் தமக்காகச் செய்துகொண்டார். பின்பு ஹெர்பர்ட் ஃபங்க் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு, விமானப்படை கழித்துப்போட்ட ரப்பரில் தொழில் தொடங்கினார். முதல் பத்தாண்டில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்த பெண்கள். ஆகவே, பிற்காலத்தில் பிரிட்டிஷ் போலீஸைப் பாடாய்ப் படுத்திய பூட்ஸின் ஆதி ரசிகர்கள், கால்வலிக்கு வழி தேடிய ஜெர்மன் மாமிகளே. கலக வரலாறு எழுதுவோர் இதை ஏனோ அடக்கி வாசிக்கிறார்கள்.

நார்தாம்ப்டன்ஷயரின் வொல்லஸ்டன் ஊரில் பூட்ஸ் செய்துவந்த கிரிக்ஸ் குடும்பம் உரிமையை வாங்கியது. 1960 ஏப்ரல் 1 அன்று முதல் ஜோடி வெளிவந்தது. அந்தத் தேதியே 1460 என்று மாடலின் பெயராயிற்று. விலை இரண்டு பவுண்டு அளவில். தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் போலீஸ்காரரும் வாங்கினர். எண்ணெய், கொழுப்பு, அமிலம், பெட்ரோல், காரம் ஐந்தையும் தாங்கும் என்று சோலின் அடியில் பொறித்திருந்தார்கள். மோஸ்தரைத் தாங்குமா என்று பொறிக்கவில்லை, ஆய்வாளர் நோக்குக.

திரிதல்: 1960களின் இறுதியில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், தொழிலாளி உடுப்போடு இதை மாட்டிக்கொண்டு மேடையில் குதித்தார். மொட்டைத் தலையும் மடித்துவிட்ட ஜீன்ஸுமாகத் திரிந்த ஸ்கின்ஹெட் இளைஞர்களும் இதையே எடுத்துக்கொண்டனர். அப்பன் ஆலைக்குப் போட்டுப்போனதை மகன் சண்டைக்குப் போட்டுப்போனான். கால்பந்து மைதான வாசலில் போலீஸ் லேஸை உருவி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது ஆயுதமாயிற்று. உருவியவர் காலிலும் அதே பூட்ஸ் இருந்திருக்கலாம் என்பதால், குற்றம் தோலில் இல்லை, லேஸில்தான் என்று அரசு கருதியதாகக் கொள்ளலாம்.

ஸ்கின்ஹெட்களில் ஒரு சாரார் தெற்காசியக் குடியேறிகளைத் தேடிப்போய் அடித்தனர். உதை வாங்கியவருக்கு மஞ்சள் தையலின் அழகு புலப்பட்டிராது. இவ்விடத்தில் உரைகாரர் நகையை நிறுத்தி மேலே செல்கிறார்.

பின்பு பங்க் இளைஞர்கள் அணிந்தனர். 1975இல் 'டாமி' படத்தில் எல்டன் ஜான் நாலடி தாண்டிய ராட்சத ஜோடியில் ஏறி நின்று பாடினார். கலகம் சர்க்கஸாகத் திரிந்தது. பூட்ஸோ அதே எட்டுக் கண்ணோடு இருந்தது.

கெடுதல்: 1992 நவம்பரில் நியூயார்க்கில், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக மார்க் ஜேக்கப்ஸ், கிரஞ்ச் இசைக்காரர்களின் கோலத்தை மேடையேற்றினார். மலிவு ஃபிளானல் சட்டையின் கட்டங்கள் பட்டில் வந்தன. அழகிகளின் காலில் டாக்டர் மார்ட்டென்ஸ் வந்தது. ஜேக்கப்ஸின் வேலை போயிற்று. 2018இல் அதே உடைகளைத் தம் பெயரில் அவரே மீண்டும் வெளியிட்டார். இம்முறை எவர் வேலையும் போகவில்லை. மோஸ்தர் முற்றியதற்கு இதுவே அடையாளம்.

2003இல் உற்பத்தியின் பெரும்பகுதி ஆசியாவுக்குப் போயிற்று. 2007இல் வொல்லஸ்டனில் ஒரு சிறு பகுதி மீண்டும் தொடங்கியது. 'இங்கிலாந்தில் செய்தது' என்பதற்கு இப்போது தனி விலை. 2021 ஜனவரியில் கம்பெனி லண்டன் பங்குச் சந்தையில் இறங்கியபோது அதன் மதிப்பு சுமார் 370 கோடி பவுண்டு. 370 பென்னிக்கு விற்ற பங்கு 2024இல் கால்வாசிக்கும் கீழே சரிந்தது. அமிலம் தாங்கிய சோல் சந்தையைத் தாங்கவில்லை.

அற்றேல், சந்தை ஏறியதால் பூட்ஸ் கெட்டது எனக் கொள்ளலாமோ எனின், அற்றன்று. பூட்ஸ் எந்நாளும் கலகம் செய்ததில்லை. மாமிக்கும் மொட்டையனுக்கும் அழகிக்கும் ஒரே மாதிரிதான் உழைத்தது. பின் கெட்டது யாதோ எனின், மரம் என்பதோடு வேர் சேர்ந்து மரவேர் ஆகையில் ஈற்று மகரம் கெடுவதை நோக்குக. இரண்டு பவுண்டுப் பூட்ஸ் இன்று 150 பவுண்டைத் தாண்டிவிட்டது; விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் எஞ்சுவது பெரிய தொகை. ஆதலின் தொழிலாளியோடு மோஸ்தர் புணரும்வழிக் கெடுவது தொழிலாளியே என்க.

மீனவர் ஸ்வெட்டருக்கும் சுரங்கக்காரர் ஜீன்ஸுக்கும் இதுவே விதி. பிறவும் வந்துழிக் காண்க.