நெட் இல்லாத வேப்பமரம்

தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். ஸ்கேன் செய்யச் செல்போன் வேண்டும். அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டுப் போனோ அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போயிருக்கும்.

ஸ்மார்ட் போர்டு உள்ள வகுப்பில் ஒளிச்சேர்க்கை அனிமேஷனில் நடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அதையே நெட் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

பிள்ளை எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கருவியைத் தேடுவதுதான் பாட வடிவமைப்பின் பாலபாடம். நாம் டெண்டரில் தொடங்குகிறோம்.

சினிமா வந்தாயிற்று, பள்ளியில் இனிப் புத்தகத்துக்கு வேலை இல்லை என்று எடிசன் 1913-இல் ஆருடம் சொன்னார். புத்தகம் இன்னும் இருக்கிறது. ஆசிரியர்களே, கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு சாக்பீஸும் இருக்கட்டும்.