உலக அமைதிக்கு ஓசூரின் பங்களிப்பு

பெருமதிப்பிற்குரிய ஏற்றுமதி அனுமதிப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

ஓசூர் சிப்காட்டில் சிறிய டூல்ரூம் நடத்தும் அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் கம்பெனியின் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் இங்கே நலமாகப் பூட்டிக் கிடக்கிறது. மழைக்குப் பழைய ஷெட்டில் தண்ணீர் ஏறுகிறதே என்று ஹைட்ரா வண்டி பிடித்துப் பக்கத்து ஷெட்டுக்கு நகர்த்தினோம். அதே காம்பவுண்டு, அதே வாட்ச்மேன். லெவல் பார்த்து ஆன் செய்தால் திரையில் சிவப்பாக அலாரம்: இடம் மாறியிருக்கிறதாம், கம்பெனியைக் கேட்காமல் ஸ்பிண்டில் சுற்றாதாம். ஆபரேட்டர் பையன் கையை விரித்துக்கொண்டு நின்றான். உலக அமைதி காப்பாற்றப்பட்டது.

பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் நல்ல மனிதர். டீ குடித்தார். "அன்லாக் கோடு எங்ககிட்ட இல்ல சார், ஹெட் ஆபீஸ்லதான் தரணும்" என்றார். வந்துபோனதற்குப் பில் போட்டார். அப்புறம் தங்கள் படிவம் வந்தது. அணு ஆயுதம், ரசாயன ஆயுதம், ஏவுகணை ஏதாவது செய்வீர்களா என்று அன்போடு விசாரித்திருந்தீர்கள். பைக் டெயில் லேம்புக்கு மோல்டு செய்கிறோம் என்று எழுதினேன். அந்த டெயில் லேம்பின் இறுதிப் பயன்பாடு என்ன என்று மறுபடி மெயில். பிரேக் பிடித்தால் எரியும், ஐயா. பின்னால் வருகிறவன் மோதாமல் இருப்பான். அதுவும் உலக அமைதிதான்.

மெஷினை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. காவிரிப் பேச்சு சூடாகும் நாட்களில் பஸ் கூட அந்தப் பக்கம் போகாது. எதற்கும் தங்கள் கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் ஆயுதம் செய்கிறவர்கள் கைக்குப் போய்விடுமோ என்ற தங்கள் பயம் புரியாமல் இல்லை. தோஷிபா மெஷின் கம்பெனி, நார்வேயின் காங்ஸ்பெர்க் கொடுத்த கண்ட்ரோலரோடு சோவியத்துக்கு விற்ற மில்லிங் மெஷின்களால் நீர்மூழ்கிக் கப்பல்களின் சத்தம் அடங்கிவிட்டது என்று 1987-இல் ஒரே அமளி. அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் நாடாளுமன்றத்துக்கு வெளியே தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். விற்றது ஜப்பான், வாங்கியது சோவியத், அடிபட்டது ரேடியோ. பூட்டு மட்டும் ஓசூருக்கு.

இத்தனைக்கும் 1979-இல் வியன்னாவில் ஐ.நா. மாநாடு கூட்டி, அறிவியலும் தொழில்நுட்பமும் வளரும் நாடுகளுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று செயல்திட்டமே போட்டார்கள். தொழில்நுட்பம் கைமாறுவதற்கு நடத்தை விதி ஒன்று எழுத ஐ.நா.வில் வருடக்கணக்காகப் பேசி, 1980-களில் அதைக் கிடப்பில் போட்டார்கள். எதையெல்லாம் கட்டுப்படுத்தி விற்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கும் வாசனார் ஏற்பாட்டின் செயலகமும் அதே வியன்னாவில்தான். ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் அந்தப் பட்டியலில் உண்டு. கொடுப்போம் என்று சொன்ன ஊரிலேயே கட்டுப்பாட்டையும் வைத்தது வசதிதான், ஆட்டோ செலவு மிச்சம். 2017 டிசம்பரில் இந்தியாவையும் அந்த ஏற்பாட்டில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரியாகிய தாங்கள்தான் மனமிரங்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முழு விலை கொடுத்தோம், சுங்கவரி கட்டினோம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கித் தவணை ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு எந்த அலாரமும் அடிப்பதில்லை. மோல்டு நேரத்துக்குப் போகாததால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடன் என்னுடையது, கரண்டு என்னுடையது, சாவி மட்டும் உங்களுடையதா? அப்புறம் எங்களுக்கு எதைத்தான் விற்றீர்கள்? பத்து பேர் பிழைக்கிற பட்டறையில் உட்கார்ந்துகொண்டு நான் குண்டு செய்யவில்லை என்று எதற்காக உங்களிடம் நிரூபிக்க வேண்டும்?

மன்னிக்கவும். கூலன்ட் தீர்ந்துவிட்டது.

பூட்டினால் நன்மையும் உண்டு என்பதை அறிவேன். கிரையோஜெனிக் ராக்கெட் என்ஜினுக்காக இஸ்ரோ 1991-இல் சோவியத் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடம் அமெரிக்கா தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா, என்ஜின் தருகிறேன், செய்முறை தரமாட்டேன் என்று பின்வாங்கியது. நாமே செய்த என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் போனது 2014 ஜனவரியில். நடுவில் போன வருடங்கள் உலக அமைதிக்கு நாங்கள் கட்டிய சந்தா. இஸ்ரோவுக்கு அரசாங்கம் இருந்தது, காத்திருக்க முடிந்தது. நான் அப்படிக் காத்திருந்தால் மெஷினோடு ஷெட்டையும் வங்கிக்காரன் எடுத்துக்கொள்வான். அப்போது அது மறுபடி இடம் மாறும். கோடு யாருக்குத் தருவீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துவைப்பது நல்லது.

தங்கள் கருணையை எதிர்நோக்கும்,
டெயில் லேம்ப்காரன்,
ஓசூர் சிப்காட்.

பி.கு.: எங்கள் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட பிரேக்கர் வண்டி வந்திருக்கிறது. தரை அதிர்கிறது. மெஷின் அதற்கும் கோபித்துக்கொள்ளும் என்றால் இன்னொரு படிவம் சேர்த்து அனுப்பிவிடுங்கள், இரண்டையும் ஒரே கூரியரில் போட்டுவிடுகிறேன்.