உரிமம் உள்ளவனைப் பிடி!

இந்திய ஜனநாயகத்துக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் என்னைக் கைகாட்டுங்கள். சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் ஏழு ஏக்கர் வைத்திருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மூட்டு இரண்டும் போய்விட்டன. அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதற்கு உரிமமும் இருக்கிறது. என் குற்றம் அந்த உரிமம்தான்.

2024 மார்ச் 16 அன்று டெல்லியில் மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். அறிவித்தவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் இங்கே ஸ்டேஷனிலிருந்து போன். "அய்யா, துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிக்குங்க." ஒப்படைத்தேன். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டு, விரல் மையும் அழிந்து, வேட்பாளர்களின் முகமும் மறந்துபோயிற்று. நடத்தை விதி விலகியதோ ஜூன் 6-ல். பீகாரிலும் வங்காளத்திலும் கடைசி ஓட்டு விழுந்து எண்ணி முடிக்கும்வரை என் ஒற்றைக்குழல் காவலில் இருந்தது. இருக்க வேண்டியதுதான். விட்டிருந்தால் மூட்டுவலியோடு ரயிலேறி வாரணாசிக்குப் போய் வாக்குச்சாவடியைக் கைப்பற்றியிருப்பேன்.

யாரிடம் வாங்குவது, யாரிடம் வேண்டாம் என்று ஆளாளாக ஆராய்ந்து முடிவெடுக்க மாவட்டந்தோறும் ஒரு குழு வேண்டும் என்பது தேர்தல் ஆணையமே போட்ட உத்தரவு. எங்கள் ஊரிலும் ஆராய்ந்திருப்பார்கள். ஆராய்ந்ததில் உரிமம் வைத்திருக்கும் அத்தனை கிழவர்களும் பயங்கரமானவர்கள் என்று தெரியவந்திருக்கும். அதே காலத்தில் உறைக்குள் வைத்து வீடுவீடாக விநியோகமான நோட்டுகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லி யாருக்கும் போன் போனதாகக் கேள்விப்படவில்லை. ரவுடிப் பட்டியலில் இருப்பவன் வரிசையில் நின்று அரிவாளைக் கொடுத்ததையும் நான் பார்த்ததில்லை. மலைக்காட்டில் நாட்டுத் துப்பாக்கியோடு சுற்றுபவனிடம் யார் போய்க் கேட்பது? அவனுக்கு முகவரி இல்லை. எனக்கு இருக்கிறது; நானே எழுதிக் கொடுத்தது, மூன்று நகல்களில். இந்த நாட்டில் துப்பாக்கியால் செய்யப்படும் கொலைகளில் பெரும்பகுதி உரிமமில்லாத ஆயுதத்தால்தான் என்று ஆண்டுதோறும் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுக்கிறது. அதனால் என்ன? கையில் சிக்குபவனைப் பிடிப்பதுதானே நிர்வாகம்.

துப்பாக்கி இல்லாத அந்த மாதங்களில் காட்டுப்பன்றிகள் நடத்தை விதியை மதித்தன என்று சொல்ல ஆசைதான். மரவள்ளியை மூக்கால் உழுதுவிட்டுப் போயின. துப்பாக்கி கையில் இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்கிறீர்களா? நல்ல கேள்வி. எனக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் தந்திருக்கிறார்கள். பயிரைத் தின்னும் பன்றியைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போடுவார்கள். ஆகவே நான் வானத்தைச் சுடலாம். நிலாவுக்கு இன்னும் எந்த அட்டவணையிலும் பாதுகாப்பு இல்லை.

2025 ஜனவரியில் அரசு மனமிரங்கியது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூன்றைத் தாண்டினால் வனத்துறைப் பணியாளர் வந்து சுடுவார். அதற்குக் கிராம அளவில் குழு, குழுவுக்கு மனு, மனுவின்மேல் பரிந்துரை. ஆகப் பன்றி வந்ததும் முதலில் அது எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறது என்று விசாரிக்க வேண்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலரை எழுப்ப வேண்டும். மனு கையெழுத்தாகி வரும்வரை பன்றி அங்கேயே காத்திருக்க வேண்டும், அதுவும் சட்டம் தெரிந்த பன்றியாக இருந்தால். வாளையாறைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் 2022 முதல் ஊராட்சித் தலைவரே அனுமதி கொடுக்கிறார், உரிமம் வைத்திருக்கும் உள்ளூர்க்காரனைக் கூப்பிட்டுச் சுடச் சொல்கிறார். அங்கே என்னைப்போன்ற ஆள் உதவிக்கு வருபவன். இங்கே நான் சந்தேகத்துக்குரிய நபர். இடையில் இருப்பது ஒரு சோதனைச் சாவடி.

இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் இரண்டு சட்டங்கள் போட்டார். ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட, இன்னொன்று இந்தியரின் கையைக் கட்ட. வாய்ப்பூட்டை அடுத்து வந்த ரிப்பன் கழற்றி எறிந்தார். கைப்பூட்டு மட்டும் சுதந்திரம் வந்த பிறகும் துருப்பிடிக்காமல் இருந்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமை என்று தீர்மானமே போட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டி அடிப்படை உரிமையில் சேர்க்கச் சொன்னார். கட்டுப்பாடில்லாமல் எல்லார் கையிலும் ஆயுதம் இருந்தால் நாடு தாங்காது என்று அம்பேத்கர் மறுத்தார். அவர் சொன்னதில் எனக்குச் சண்டையில்லை. உரிமை வேண்டாம், சட்டம் போதும் என்றார்கள். சரி, 1959-ல் சட்டமும் வந்தது.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள், கண்ணில் நீர் வரும். இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள சாதாரணத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் குடிமகன் கேட்டால், மறுப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவரை உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக்கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. இவ்வளவு இரக்கமான சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தர் முதலில் கேட்பது பட்டாவையும் வருமான வரிக் கணக்கையும். தாசில்தார் அறிக்கை, கோட்டாட்சியர் அறிக்கை, எஸ்.பி. அறிக்கை என்று கோப்பு வட்டமடித்து வரும்போது விண்ணப்பித்தவர் உயிரோடிருந்தால் அவருக்கு உண்மையில் பாதுகாப்பு தேவைப்படவில்லை என்று பொருள். இறந்திருந்தால் கோப்பை முடித்துவிடலாம்.

உரிமம் கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். விலை தெரிய வேண்டும், அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்தின் ஷிவ்புரி மாவட்டத்தில் 2008-ல் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை கொடுத்தார்கள். நானும் அந்த அறுவை செய்துகொண்டவன்தான்; ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு இங்கே வீணாக்கிவிட்டேன். 2019-ல் பஞ்சாபின் ஃபெரோஸ்பூரில் பத்து மரக்கன்று நட்டு, அவற்றோடு செல்ஃபி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அதே ஆண்டு குவாலியரில் கோசாலைக்குப் பத்துக் கம்பளி. மனிதன் கொல்லப்படுவான் என்ற பயத்துக்கும் மாட்டுக்குக் குளிரும் என்ற கவலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவன் நிர்வாகம் அறியாதவன். ஜம்மு காஷ்மீரில் இந்த மரம், மாடு, மயக்க ஊசி எதுவுமே தேவைப்படவில்லை. 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்குப் போயின என்று சி.பி.ஐ. சொல்கிறது. வழக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் கைதுவரை போனது. அங்கே கோப்பு எந்த மூட்டுவலியும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

அமெரிக்காவைப் பார் என்று அறிவுரை சொல்ல வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுட்டுத்தள்ளும் நாட்டின் கடைத்தெரு எனக்கு வேண்டாம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைச் சுட்டு மாப்பிள்ளையையே சாய்க்கும் வடக்கத்தி வீரத்தையும் நான் கேட்கவில்லை. அதற்கு 2019 திருத்தத்தில் இரண்டாண்டுச் சிறை வைத்தது சரி. அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உரிமத் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. செய்யட்டும், எனக்கு ஒன்றே அதிகம். ஆனால் பீகாரின் முங்கேரில் கொல்லைப்புறப் பட்டறையில் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து விற்கும் கள்ளத் துப்பாக்கி எந்தத் திருத்தத்தைப் படித்துத் திருந்துகிறது? அதைச் செய்பவனைத் தொட முடியாத கோபத்தை என் ரசீதுப் புத்தகத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள்.

அரசுக்குப் பெண்கள்மேல் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையில் நாடே கொதித்தது. 2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பதில் சொன்னது: 'நிர்பீக்' என்ற பெண்களுக்கான ரிவால்வர். எடை அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டிபோல ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பேருந்துக்காக இருட்டில் நிற்கும் பெண்ணிடம் ஒன்றேகால் லட்சம் இருந்திருந்தால் அவள் ஏன் அங்கே நிற்கிறாள்? இறந்துபோன அந்த மாணவிக்கு ஊர் வைத்த பேரின் சாயலில் ஒரு பேரைச் சூட்டி, விற்பனைக்கு விடுவதற்கு முன் யாருக்கும் கை நடுங்கவில்லை. தெருவிளக்குக்கு ஒப்பந்தம் விட்டிருக்கலாம். அதில் நகைப்பெட்டி கிடையாது.

இப்போது எங்கள் கொங்குச் சீமைக்கு வருவோம். தோட்டத்துச் சாளை என்றால் என்னவென்று நகரத்தார் அறியமாட்டார்கள். நிலத்தின் நடுவே தனி வீடு, கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது, பிள்ளைகள் வெளியூரில், இருப்பது இரண்டு கிழங்கள். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேரை அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் அப்போது அகப்படவில்லை. 2025 மே தொடக்கத்தில் சிவகிரி பக்கம் ஒரு முதிய தம்பதி அதே மாதிரி பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். இரண்டும் ஒரே கும்பலின் கைவரிசை என்று பிறகு போலீஸ் சொன்னது. ஆறு மாதம் அந்தக் கும்பல் சுதந்திரமாக நடமாடியது. ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தூக்கத்தில் அடிபடுபவனுக்கு எதுவும் உதவாது. ஆனால் காவலுக்கும் வரமாட்டேன், உன்னையும் காத்துக்கொள்ள விடமாட்டேன் என்றால் எங்களை யாரிடம்தான் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்குவது?

கேமரா வையுங்கள், நாய் வளருங்கள் என்கிறார்கள். கேமரா நாங்கள் செத்ததைத் தெளிவாகக் காட்டும்.

இப்படி ஒரு சாவு விழுந்தால் தலைவர்கள் ஆறுதல் சொல்ல வருவார்கள். பட்டப்பகல், ஆயிரம் பேர் கூட்டம், முன்னும் பின்னும் ஜீப். ஆளுக்கு இரண்டு காவலர் இடுப்பில் பிஸ்டலோடு ஒட்டிக்கொண்டே நிற்பார்கள். அந்தப் பிஸ்டல்களின் நடுவே நின்று, மக்கள் பயப்படத் தேவையில்லை என்பார்கள். அந்தத் துப்பாக்கிகள் எதற்கு என்று கேட்டு அவர்களிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை. நீட்டினால் என்ன எழுதுவார்கள்? 'உயிருக்கு ஆபத்து' என்றுதானே. பக்கத்துத் தோட்டத்தில் தனியாக இருக்கும் அக்காவும் அதைத்தான் எழுதினார், அதே கட்டத்தில், அதே இரண்டு சொல்லில். 'போதிய காரணம் இல்லை' என்று பச்சை மையில் திரும்பி வந்தது.