முதலாமாண்டு மேதை

ஜூலை மாதத்தில் காலை எட்டரை மணி வாக்கில் கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். உள்ளே சீட் காலியாக இருந்தும் படியில் தொங்கிக்கொண்டு வருகிறானே, அவன்தான் முதலாமாண்டு மாணவன். மூன்றாமாண்டுக்காரன் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருப்பான்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஒன்றும் புதிதல்ல. உத்தமபாளையத்தில் 1956-லேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி வந்துவிட்டது. பெரியகுளத்தில் பெண்களுக்கு ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி இருக்கிறது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பேரிலேயே ஒரு கல்லூரி உண்டு. ஆனாலும் நம் ஆள் சேர்ந்த நாளில்தான் தேனி மாவட்டத்தில் உயர்கல்வி தொடங்கியதாக அவனுக்கு நினைப்பு.

முதல் வாரம் தோளில் மூட்டை போலப் பை. மூன்றாவது வாரம் பின்பாக்கெட்டில் சுருட்டிச் செருகிய ஒரே ஒரு நோட்டு. முன்பக்கத்திலிருந்து தமிழ், பின்பக்கத்திலிருந்து வேதியியல்; இரண்டும் நடுவில் சந்தித்ததே இல்லை. பிளஸ் டூ வரைக்கும் சலூன் கடை அண்ணன் வெட்டியதுதான் முடி. இப்போது செல்போனில் படத்தைக் காட்டி, "அண்ணே, இதே மாதிரி" என்கிறான்.

அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பேங்க் மெசேஜ் வந்த அன்றைக்கு நடையே மாறிவிட்டது. "என் காசு, நான் பாத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னான். புதுமைப் பெண் திட்டத்தில் அதே ஆயிரத்தை வாங்கிச் சீட்டுக் கட்டிவரும் அக்காவிடம் கடன் வாங்கித்தான் அந்தச் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறான் என்பது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டித் தோட்டம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். அடிச்சாம்பல் நோய்க்கு அப்பா போர்டோ கலவை தயார் செய்கிறார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்.

"அப்பா, இதுக்குப் பேரு காப்பர் சல்பேட்."

"துத்தம்னு கேட்டா கடைக்காரரு தரமாட்டாரா?"

பதில் இல்லை. அப்பா கத்தியைக் கலவையில் முக்கி எடுத்தார். இரும்பில் செம்பு நிறம் ஏறியிருந்தது. "சுண்ணாம்பு பத்தல" என்று இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினார். மறுபடி முக்கினார். கத்தி அப்படியே வெளியே வந்தது.

"மொதல்ல ஏன்ப்பா செவந்துச்சு? நீ சொல்லு."

மேதை கொடியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். "அது எங்க சிலபஸ்ல இல்லப்பா."

"சரி, அந்த ஓஸைப் பிடி."

நவம்பரில் பரீட்சை, ஜனவரியில் ரிசல்ட். சரியாக வேதியியலில் அரியர். மறுநாள் முதல் பஸ்ஸில் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தான். லேப் சாரிடம் போய், தலையைச் சொறிந்துகொண்டே, கத்தி விஷயத்தைக் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, அது பத்தாம் வகுப்பிலேயே படித்த பாடம் என்றார். இரும்பு ஆணியை நீலக் கரைசலில் போட்டால் என்ன ஆகும் என்று மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன்தான்! ஆணி கத்தியானதும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த முறை மருந்தடிக்கும்போது கத்தியை அவனே முக்கினான். "சுண்ணாம்பு பத்தலேன்னா துத்தத்துல இருக்கிற செம்பு மிஞ்சி நிக்கும்ப்பா. அதுதான் இரும்புல படியுது. இது தெரியாமத்தான் அன்னைக்குச் சிலபஸ்ல இல்லேன்னு சொல்லிட்டேன்."

அப்பா தலையாட்டினார். "சரிதான். அந்த அரியரை எப்ப எழுதப் போற?"

"உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"கண்டக்டர்தான். படியில தொங்குற பய உள்ள வந்து உக்காந்தா வேற என்னவா இருக்கும்னாரு."

முதல் வருஷம் முடியும்போது அரியர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வந்துவிட்டது. மூன்று வருஷப் படிப்பில் பாதி அதுதான். உங்கள் வீட்டிலும் இப்படியொரு மேதை இருந்தால் எதிர்த்து வாதாடாதீர்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.